வண்டி நிற்கிற இடத்திலிருந்தே நடங்கள்: யூட்டா கேன்யன்களில் ஆர்வியோடு எட்டு நாள்

உங்கள் கேள்வி நீளமாக இருந்தது, நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். அக்டோபர் இரண்டாம் வாரம் லாஸ் வேகாஸில் 25 அடி ஆர்வி ஒன்றை, அதாவது படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வண்டியை, வாடகைக்கு எடுக்கிறீர்கள், கையில் எட்டு நாள். நீங்கள் இருவர், 11 வயது மகள், மதுரையிலிருந்து வந்திருக்கும் 67 வயது அப்பா. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தேசியப் பூங்காக்களான ஸயான், பிரைஸ், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லாண்ட்ஸ் ஐந்தையும் பார்க்க வேண்டும், தினமும் பகலில் ஒரு ஹைக் (நடைப்பயணம்), இரவு வண்டியில் தூக்கம். எந்த ட்ரெயில் (நடைபாதை), எவ்வளவு தண்ணீர், அப்பாவால் முடியுமா, ஆர்வி இதற்கு ஒத்துவருமா?

ஒத்துவரும். ஆனால் ஐந்து பூங்கா வேண்டாம், மூன்று போதும். ஆர்ச்சஸும் கேன்யன்லாண்ட்ஸும் மோவாப் என்ற ஊர்ப் பக்கம் இருக்கின்றன, அங்கிருந்து வேகாஸ் திரும்ப 450 மைலுக்கு மேல். ஆர்வியில் அது ஒன்றரை நாள் ஓட்டம். எட்டு நாளில் ஐந்து இடம் என்றால் நீங்கள் ஹைக்கிங் போகவில்லை, ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் அலைகிறீர்கள் என்று அர்த்தம். ஸயானில் மூன்று இரவு, பிரைஸில் இரண்டு, கேபிடல் ரீஃபில் இரண்டு, எட்டாம் நாள் திரும்பும் பயணம். மோவாப்பை அடுத்த தடவைக்கு வையுங்கள், அது எங்கும் ஓடிப்போகாது.

இனி முக்கியமான விஷயம். ஆர்வியை எல்லோரும் பெரிய கார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேன்யன் பகுதியில், அதாவது செங்குத்துப் பாறைப் பள்ளத்தாக்குகளில், அது கார் இல்லை, வீடு. வீட்டை ஓட்டிக்கொண்டு போய் ட்ரெயில் தொடங்குகிற இடத்தில் நிறுத்த முடியாது. அங்கே இருக்கிற பார்க்கிங் பதினைந்து இருபது கார்களுக்குப் போட்டது, காலை எட்டரைக்கே நிரம்பிவிடும், நிரம்பாவிட்டாலும் 25 அடி வண்டியைத் திருப்ப இடம் இருக்காது. எனவே பூங்காவைத் தேர்ந்தெடுத்து அப்புறம் தங்க இடம் தேடுவதைவிட, வாசலிலிருந்தே நடந்து போய் ட்ரெயிலில் ஏறக்கூடிய கேம்ப்கிரவுண்ட் (வண்டியை நிறுத்தி இரவு தங்கும் இடம்) எது என்று முதலில் பாருங்கள். அதிர்ஷ்டவசமாக நான் சொன்ன மூன்று பூங்காவிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் அசிங்கமானது. முதல் தடவை நாங்கள் போனது ஜூன் மாதம், இரண்டு குடும்பம், 28 அடி வண்டி. கேபிடல் ரீஃபில் சிம்னி ராக் என்று ஒரு சுற்றுப்பாதை, மூன்றரை மைல்தான், ஏற்றம் அறுநூறு அடி, நிழல் என்று ஒரு பொட்டு கிடையாது. பார்க்கிங் நிரம்பியிருந்தது, சாலையில் இரண்டு தடவை போய்த் திரும்பி, இடம் கிடைத்து நடக்கத் தொடங்கும்போது பதினொன்றரை. நண்பருக்குப் பாதி வழியில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, தலைவலி, வாந்தி. அன்று வண்டியின் தண்ணீர் டேங்கில் 140 லிட்டர் இருந்தது. எங்கள் ஆறு பேர் கையில் மூன்று பாட்டில். டேங்க் நிறைய இருக்கிறது என்ற நினைப்பே எங்களை அசட்டையாக்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

தண்ணீர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் இந்தப் பகுதியில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது கிட்டத்தட்ட நான்கு லிட்டர் சொல்கின்றன. அக்டோபரில், மூன்று மணி நேர நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் முதுகில் இருக்கட்டும், மீதியை முன்னும் பின்னும் குடியுங்கள். சென்னை, மதுரை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது என்ன பெரிய வெயில் என்று அப்பா சொல்லக்கூடும், என் மாமனார் சொன்னார். நம் ஊரில் வியர்வை வழியும், சட்டை நனையும், உடம்பு தண்ணீரை இழக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். யூட்டாவில் காற்று அவ்வளவு வறட்சி, வியர்வை தோலுக்கு வந்தவுடனே ஆவியாகிவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், மாலையில் கறுப்புச் சட்டையைக் கழற்றினால் முதுகில் வெள்ளைக் கோடாக உப்பு படிந்திருக்கும். அதனால் தாகம் எடுத்த பிறகு குடிப்பது என்று வைத்துக்கொள்ளாமல் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நின்று இரண்டு மிடறு.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தப்பு. இரத்தத்தில் சோடியம் குறைந்து, தண்ணீர் போதாதவருக்கு வருகிற அதே தலைவலி, குமட்டல், தடுமாற்றம் எல்லாம் வரும், கூட இருப்பவர்கள் இன்னும் தண்ணீர் குடி என்று கொடுத்து நிலைமையை மோசமாக்குவார்கள். உப்பு உள்ளே போகணும். இதற்கு விலை உயர்ந்த பொடியெல்லாம் தேவையில்லை. புளியோதரை, உப்பு போட்ட வேர்க்கடலை, ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய் போதும். ஆர்வியில் அடுப்பும் ஃப்ரிட்ஜும் இருக்கிறதே, முந்தின இரவே புளியோதரை கிளறி வைத்துவிடலாம், ஆர்வி பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த வசதி இதுதான். அப்பாவுக்கு இரத்த அழுத்தம் இருந்து உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தால் கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

வண்டி டேங்க் தண்ணீரைக் குடிக்காதீர்கள். வாடகை வண்டி, முன்னால் எடுத்தவர் எந்தக் குழாயில் எந்த ஹோஸை மாட்டினார் என்று தெரியாது. கழுவ, குளிக்க மட்டும் அது. குடிக்க வேகாஸிலேயே கடையில் பெரிய கேன்களாக வாங்கி வைத்துக்கொண்டு, கேம்ப்கிரவுண்ட் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொண்டே போங்கள்.

ஸயானுக்கு வருவோம். வேகாஸிலிருந்து சுமார் 160 மைல். யூட்டாவுக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி முன்னால் போகும், முதல் நாள் மாலையில் ஒரு மணி நேரம் காணாமல் போவதைக் கணக்கில் வையுங்கள். தங்க வேண்டிய இடம் வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்ட், தெற்கு வாயிலை ஒட்டி. அதில் சில வரிசைகளில் மின்சார இணைப்பு உண்டு, தண்ணீர்க் குழாய் வண்டிக்கு நேராக வராது. ஆறு மாதம் முன்பே பதிவு திறக்கும், திறந்த அன்றே தீர்ந்துவிடும், அதனால் ரத்தானது ஏதாவது இருக்கிறதா என்று தினமும் காலையில் ஒரு தடவை பாருங்கள். கிடைக்காவிட்டால் ஸ்ப்ரிங்டேல் ஊருக்குள் தங்கினாலும் சரி, ஊர் ஷட்டில் பேருந்து பூங்கா வாசலில் கொண்டுவிடும்.

வாட்ச்மேனில் வண்டியை நிறுத்திய பிறகு மூன்று நாளும் சாவியைத் தொடவே வேண்டாம். ஸயான் கேன்யனுக்குள் ஷட்டில் ஓடுகிற பருவத்தில் சொந்த வண்டிகளை விடுவதில்லை, ஷட்டில் இலவசம், முன்பதிவு இல்லை, கேம்ப்கிரவுண்டிலிருந்து நடந்து போய் ஏறலாம். முதல் மாலை பாரஸ் ட்ரெயில் போங்கள், கேம்ப்கிரவுண்ட் பக்கத்திலேயே தொடங்கி வர்ஜின் ஆற்றோரமாகப் போகும் தளம் போட்ட சமமான பாதை, அப்பா நாம் வீட்டுக்குப் பக்கத்தில் வாக்கிங் போவதுபோலப் போகலாம். மறுநாள் விடிந்ததும் வாட்ச்மேன் ட்ரெயில், போக வர சுமார் மூன்றே கால் மைல், ஏற்றம் மிதமானது. மகளுக்கும் உங்களுக்கும் கால் எப்படி இருக்கிறது என்று சோதித்துப் பார்க்க நல்ல பாதை. இங்கே ஒரு விஷயம், அக்டோபர் நடுவில் ஏழரைக்குத்தான் விடியும், மாலை ஏழுக்குள் இருட்டிவிடும், கேன்யன் சுவர்களுக்குள் சூரியன் அதற்கும் முன்பே மறைந்துவிடும். தலையில் மாட்டும் விளக்கு எல்லோருக்கும் ஒன்று. செல்போன் டார்ச்சை நம்பாதீர்கள்.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை முகடு பற்றிக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். 2022 ஏப்ரல் முதல் அதற்குக் குலுக்கல் முறையில் பெர்மிட். கடைசி அரை மைல் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறணும். 11 வயதுப் பிள்ளையை நான் கூட்டிப்போக மாட்டேன், உங்கள் விருப்பம். ஆனால் சங்கிலி தொடங்கும் இடம் வரை, ஸ்கவுட் லுக்அவுட் என்று பெயர், பெர்மிட் இல்லாமல் போகலாம், போக வர மூன்றரை மைலுக்குக் கொஞ்சம் மேல், ஏற்றம் ஆயிரம் அடிக்கு மேல். வழியில் வால்டர்ஸ் விக்கில்ஸ் என்று 21 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைச் சாலையின் எழுபதைக் காலால் கடப்பதுபோல நினைத்துக்கொள்ளுங்கள், மூன்றில் ஒரு பங்குதான், அதுவும் 1926இல் கட்டினது. மேலே நின்று சங்கிலியில் தொங்குகிறவர்களைப் பார்ப்பதே போதுமான திகில்.

மூன்றாம் நாள் ஷட்டிலின் கடைசி நிறுத்தம். ரிவர்சைடு வாக் என்கிற தளம் போட்ட பாதை ஒரு மைல் போய் ஆற்றில் முடியும், அப்பா அங்கே உட்கார்ந்துகொள்ளட்டும். அதற்கு மேல் பாதை இல்லை, ஆறுதான் பாதை, அதுதான் நாரோஸ். கீழிருந்து மேலே போய்த் திரும்புகிறவர்களுக்குப் பெர்மிட் தேவையில்லை. அக்டோபரில் தண்ணீர் எலும்பைத் தொடும் குளிர், ஸ்ப்ரிங்டேல் கடைகளில் அதற்கான காலணி, நியோப்ரீன் காலுறை, ஊன்றுகோல் வாடகைக்குக் கிடைக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கேன்வாஸ் ஷூவில் போய்ப் பார்த்துவிட்டேன், உருண்டைக் கல்லில் கணுக்கால் மடங்கிற்று. ஒரு மணி நேரம் மேலே, திரும்பி வர அதே நேரம், அதுவே நிறைவாக இருக்கும். ஆற்று நீரைக் குடிக்க வேண்டாம், வடிகட்டியும் வேண்டாம், 2020இல் அதில் நச்சுப் பாசி கண்டுபிடித்தார்கள்.

குறுகிய கேன்யன் என்றதும் திடீர் வெள்ளம் பற்றிச் சொல்லியே ஆகணும். நம் ஊரில் மழை வந்தால் நம் தலையில் பெய்யும், குற்றாலத்தில் மட்டும்தான் மேலே மலையில் பெய்த மழைக்குக் கீழே குளிப்பவர்கள் ஓடுவார்கள். இந்தப் பகுதி முழுவதுமே குற்றாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாறைத் தரை தண்ணீரை உறிஞ்சாது, பத்து பதினைந்து மைல் தள்ளிப் பெய்கிற மழை எல்லாம் ஓடிவந்து பத்தடி அகலச் சந்தில் நுழையும், உங்கள் தலைக்கு மேல் வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் அப்படித்தான் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 2015 செப்டம்பரில் இதே ஸயானில் கீஹோல் கேன்யனில் ஏழு பேர். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை மான்சூன், அதுதான் மோசமான காலம். அக்டோபரில் குறைவு, இல்லை என்று சொல்ல முடியாது. தேசிய வானிலைச் சேவை இந்தப் பூங்காக்களுக்குத் தினமும் திடீர் வெள்ளச் சாத்தியத்தை நான்கு படியாகப் போடுகிறது, ‘எதிர்பார்க்கவில்லை’ என்ற கீழ்ப்படிக்கு மேல் எது இருந்தாலும் குடும்பத்தோடு குறுகிய இடத்துக்குள் போகாதீர்கள். உள்ளே இருக்கும்போது தெளிந்த தண்ணீர் கலங்கினால், சுள்ளியும் இலையும் மிதந்து வந்தால், மேலே எங்கோ ரயில் வருவதுபோலச் சத்தம் கேட்டால், போட்டோவை விட்டுவிட்டு உயரமான இடத்துக்கு ஏறுங்கள். வாசலை நோக்கி ஓடினால் வெள்ளத்தை முந்த முடியாது.

ஸயானிலிருந்து பிரைஸ் போகிற வழியில் ஒரு பொறி இருக்கிறது. 1930இல் திறந்த ஸயான் மவுன்ட் கார்மல் சுரங்கம், 1.1 மைல் நீளம், அந்தக் காலத்து கார் அளவுக்குக் குடைந்தது. 11 அடி 4 அங்குலத்துக்கு மேல் உயரமோ கண்ணாடியோடு சேர்த்து 7 அடி 10 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் அது பெரிய வண்டிக் கணக்கு. பல வருடம் 15 டாலர் கட்டினால் எதிர்த் திசையை நிறுத்திவைத்து நடுச்சாலையில் விட்டார்கள். 2026 நடுவிலிருந்து பெரிய வண்டிகளுக்கு அந்த வழியே கிடையாது என்று பூங்கா அறிவித்திருக்கிறது. நீங்கள் எடுக்கிற வகை வண்டி நிச்சயம் அந்த அளவைத் தாண்டும், ஆனால் செல்போன் வரைபடம் அதைப்பற்றிக் கவலைப்படாமல் சுரங்கத்துக்குள்தான் அனுப்பும். மேற்கே திரும்பி ஹரிக்கேன், 59ஆம் சாலை, அரிசோனாவைத் தொட்டு ஃப்ரெடோனியா, கனாப், பிறகு 89 வடக்கே. தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஆனால் சாலை நேரானது, ஆர்விக்குச் சுகம். நடுவில் செல்போன் கடிகாரம் ஒரு மணி பின்னால் போய்த் திரும்பும், பதற வேண்டாம், அரிசோனாவில் கோடைகால நேர மாற்றம் இல்லை. இப்படி ஒரு நாள் போகிறதே என்று வருந்தாதீர்கள். மூன்று நாள் நடந்த கால்களுக்கு அன்று ஓய்வு.

பிரைஸ். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர், பிரைஸ் விளிம்பு அதைவிட உயரம், 2,400இலிருந்து 2,700 மீட்டர் வரை. இது இரண்டு காரணத்துக்காக முக்கியம். ஒன்று அப்பாவின் மூச்சு. முதல் நாள் விளிம்புப் பாதையில் சன்ரைஸ் பாயின்ட்டுக்கும் சன்செட் பாயின்ட்டுக்கும் நடுவே மட்டும், அந்த அரை மைல் தளம் போட்ட சமதளம், பார்க்க வேண்டிய காட்சி முழுக்க அங்கேயே தெரியும், அவர் கீழே இறங்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டாவது காரணம் குளிர். அக்டோபர் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். வண்டிக்கு வெளியே தண்ணீர் ஹோஸ் மாட்டியிருந்தால் படுக்கும் முன் கழற்றி, வடித்து, உள்ளே வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் அது ஐஸ் குச்சி. பூங்காவுக்குள் இருக்கிற நார்த் கேம்ப்கிரவுண்டில் மின் இணைப்பு இல்லை. ஹீட்டர் எரிவது கேஸில்தான், ஆனால் அதன் விசிறி பேட்டரியில் ஓடுகிறது, இரவு முழுக்க ஓடினால் விடியற்காலை நான்கு மணிக்கு பேட்டரி இறங்கி எல்லாம் அமைதியாகிவிடும். வெப்பநிலையைக் குறைவாக வைத்து, ஆளுக்கு ஒரு கம்பளி அதிகமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இரவு இங்கே, ஒரு இரவு பூங்காவுக்கு வெளியே மின் இணைப்புள்ள இடம் என்று பிரித்தாலும் நல்லது.

கேம்ப்கிரவுண்டிலிருந்து விளிம்புக்குச் சில நிமிட நடைதான். அங்கிருந்து குவீன்ஸ் கார்டன், நவஹோ லூப் இரண்டையும் இணைத்துச் சுமார் மூன்று மைல், அறுநூறு அடி இறக்கமும் ஏற்றமும். சன்ரைஸ் பாயின்ட்டில் இறங்கி சன்செட் பாயின்ட்டில் ஏறுங்கள், பூங்காவும் அந்தத் திசையைத்தான் சொல்கிறது. என் கருத்தில் மூன்று மைலில் இதைவிட அதிகம் காட்டுகிற பாதை இந்த நாட்டில் வேறு இல்லை. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் பனி இரவில் உறைந்து பகலில் உருகி, பாறை வெடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி நெம்பிச் செதுக்கின தூண்கள், ஹூடு என்கிறார்கள், காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது உள்ளே விளக்கு வைத்ததுபோல இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வெள்ளியங்கிரியோ பழனியோ ஏறினவர்களுக்கு உடம்பில் ஒரு கணக்கு இருக்கும், முதலில் ஏறுகிறோம், களைத்தால் திரும்பி இறங்கிவிடலாம். கேன்யனில் அது தலைகீழ். புதுக் காலோடு குளிர்ந்த காலையில் குஷியாக இறங்குவீர்கள், களைத்த காலோடு வெயிலில் ஏறணும். இறங்க ஆன நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள், தண்ணீரும் அப்படியே. மகள் இறங்கும்போது ஓடுவாள், விடாதீர்கள்.

பிரைஸிலிருந்து கேபிடல் ரீஃபுக்கு 12ஆம் சாலை. ஓட்டுகிறவர் தவிர மற்றவர்களுக்கு அது ஒரு விருந்து. எஸ்கலான்டேக்கும் போல்டருக்கும் நடுவே ஹாக்பேக் என்று ஓர் இடத்தில் சாலை மலை முதுகின் மேலேயே போகும், இரண்டு பக்கமும் சரிவு, தடுப்பு கிடையாது. கியரைக் குறைத்து இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் கருகல் வாடை வரும். அந்தப் பக்கம் கால்ஃப் க்ரீக் அருவி இருக்கிறது, 38 மீட்டர் உயரம், போக வர ஆறு மைல், பாதி வழி மணலில் கால் புதையும். வழியில் எதிர்ப் பாறைச் சுவரில் ஃப்ரீமான்ட் பண்பாட்டைச் சேர்ந்த பழங்குடி மக்கள் சிவப்பில் வரைந்த மூன்று பெரிய உருவங்கள் தெரியும். ஆனால் கீழே பார்க்கிங் சின்னது, உங்கள் வண்டிக்கு எட்டு மணிக்கு முன்னால் போனால்தான் வாய்ப்பு, பிரைஸிலிருந்து வருகிறவர் எட்டுக்கு முன்னால் போக முடியாது. எனவே விட்டுவிடுங்கள், அல்லது முந்தின இரவை எஸ்கலான்டேயில் கழியுங்கள்.

ஹோல் இன் த ராக் சாலையில் இருக்கிற ஸ்பூக்கி, பீக்கபூ ஸ்லாட் கேன்யன்களின், அதாவது மிகக் குறுகிய பாறைச் சந்துகளின், படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது இருபத்தைந்து மைலுக்கு மேல் அலையலையான மண்சாலை, வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் மண்சாலைக்குத் தடை இருக்கும், மீறினால் காப்பீடு கைவிரிக்கும், அதைவிட மழை பெய்தால் அந்தக் களிமண்ணில் எந்த வண்டியும் நகராது. அவசியம் பார்க்கணும் என்றால் எஸ்கலான்டேயில் உள்ளூர் வழிகாட்டிகள் அவர்கள் வண்டியில் கூட்டிப்போவார்கள்.

கேபிடல் ரீஃபில் ஃப்ரூட்டா கேம்ப்கிரவுண்ட். இந்த மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். 1880களில் மார்மன் மதப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் ஆற்றோரமாகப் பழத்தோட்டம் போட்டு வாழ்ந்த கிராமம், மக்கள் போய்விட்டார்கள், தோட்டத்தைப் பூங்கா பராமரிக்கிறது. காய்க்கிற பருவத்தில் பறிக்கத் திறந்துவிடும் தோட்டங்களில் மரத்தடியில் நின்று சாப்பிடுகிற பழத்துக்குக் காசு இல்லை, எடுத்துப்போவதற்கு எடை போட்டுக் கட்டணும். அக்டோபர் நடுவில் ஆப்பிள் கடைசி மிச்சம் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கிஃபர்ட் வீடு என்ற பழைய வீட்டில் பழப் ‘பை’ (pie, உள்ளே பழம் வைத்துச் சுட்ட பண்டம்) விற்பார்கள், மதியத்துக்கு முன் தீர்ந்துவிடும். இங்கே மின் இணைப்பு எதுவும் இல்லை, ஆனால் குடிநீர்க் குழாயும், வண்டியின் கழிவுநீரைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனும் உண்டு.

நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஹிக்மன் பிரிட்ஜ் என்று இயற்கையாக அமைந்த பாறைப் பாலம், 133 அடி அகலம், எல்லோரும் 24ஆம் சாலையில் அதன் பார்க்கிங்குக்காகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஃப்ரூட்டா கேம்ப்கிரவுண்டுக்கு எதிரே தொடங்குகிற கோஹாப் கேன்யன் ட்ரெயிலில் ஏறுங்கள். முதல் கால் மைல் மூச்சு வாங்கும், அப்புறம் மேலே ஒரு மறைவான கேன்யன், சுவரெல்லாம் தேன்கூடு மாதிரி பொந்து, 1.7 மைலில் நேராக ஹிக்மன் பிரிட்ஜ் ட்ரெயில் அருகே சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து பாலம் இன்னும் 0.9 மைல். மொத்தம் போக வர ஐந்து மைலுக்குக் கொஞ்சம் மேல், மகளுக்குப் போதும் என்று தோன்றினால் கோஹாப் மட்டும் பாதி போய்த் திரும்பலாம். அப்பா அந்த நேரத்தில் ஃப்ரீமான்ட் ஆற்றோரப் பாதையில், தோட்டத்தை ஒட்டிய சமமான பகுதி வரை போய், மான்களைப் பார்த்துவிட்டு வரலாம். மான்கள் அங்கே ஆட்டு மந்தை மாதிரி மேயும். அணில்களுக்கு எதுவும் போடக் கூடாது, பையை மூடி வையுங்கள், என் மகனுடைய முறுக்கு பாக்கெட்டைக் கடித்துத் திறந்திருக்கிறது.

சில சின்ன விஷயங்கள் விட்டுப்போயின. ட்ரெயிலை விட்டு இறங்கும்போது கறுப்பாக, கரடுமுரடாக மண் மேலே ஒரு பொருக்கு தெரிந்தால் மிதிக்காதீர்கள், அது உயிருள்ள மண், நுண்ணுயிர்களும் பாசியும் சேர்ந்து மணலைக் கட்டிப் பிடித்துவைத்திருக்கிறது, ஒரு காலடி பட்டால் மீண்டு வளரப் பல பத்தாண்டு ஆகும். வழுவழுப் பாறையில் ஏறுவது எளிது, இறங்குவது கஷ்டம், மகள் ஏறும் முன் அவள் இறங்க முடியுமா என்று நீங்கள் பாருங்கள். பாறையில் பாதை தெரியாது, சின்னச் சின்னக் கல்லடுக்குதான் வழி காட்டும், விளையாட்டுக்காகப் புதிதாக ஒன்றை அடுக்க விடாதீர்கள், பின்னால் வருகிறவர் அதை நம்பிப் போவார். சப்பாத்திக்கள்ளி முள்ளுக்கு ஒரு ட்வீசர்.

செல்போன் சிக்னல் பெரும்பாலும் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் எந்த ட்ரெயில், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள், அவர் வண்டியில் இருக்கும் நாளில் அவர்தான் உங்கள் காவல். 2003 ஏப்ரலில் ஏரன் ரால்ஸ்டன் என்பவர் இதே யூட்டாவில் ப்ளூஜான் கேன்யனில் தனியாகப் போய், பாறை உருண்டு கை மாட்டி, ஐந்து நாளுக்கு மேல் கிடந்து, கடைசியில் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல் போயிருந்தார்.

நுழைவுக் கட்டணம்: அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு எல்லாத் தேசியப் பூங்காவுக்கும் சேர்த்து ஆண்டு அட்டை 80 டாலர், 2026 முதல் வெளிநாட்டினருக்கு அது 250. அட்டையை உங்கள் பெயரில் வாங்குங்கள், அடையாள அட்டையைக் கையில் வையுங்கள், அப்பாவுக்கு என்ன கணக்கு என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாள் ஃப்ரூட்டாவிலேயே டேங்க்குகளைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள், கழிப்பறைக் கழிவு சேரும் கறுப்பு டேங்க் முதலில், குளித்த, கழுவின தண்ணீர் சேரும் சாம்பல் டேங்க் பிறகு, அப்போதுதான் குளித்த தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். காலி செய்யாமல் ஒப்படைத்தால் தனியாகப் பணம் பிடிப்பார்கள். 24, ஐ-70, ஐ-15 வழியாக ஆறு ஏழு மணி நேரம் ஆகும். வேகாஸில் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கும், அதை வண்டியைப் பெருக்கச் செலவழியுங்கள். செம்மணல் எங்கெல்லாம் போயிருக்கும் என்று படுக்கையைத் தூக்கும்போதுதான் தெரியும்.